சஷ்டிக்கு முதல்நாள் ஊற்றியது

சிவமயம்

சங்குமுனை, யாழ்ப்பாணம்
13-11-1937

என் அருமைத் தம்பி பஞ்சலிங்கத்துக்கு,

அக்கா குணலட்சுமி எழுதுகிறேன். முருகன் கிருபையால் இங்கே நான் சுகம். உன் சுகத்தையும், குருநாகலில் அந்த மலேரியாக் காய்ச்சல் திரும்பத் தலைகாட்டுகிறதா என்பதையும் எழுது. கொயினாவை மறவாமல் விழுங்கு. கசக்கிறதென்று யன்னலால் எறிகிற ஆள் நீ.

கந்தசஷ்டி நல்லபடி முடிந்தது. ஆறு நாளும் பாலும் பழமும்தான். விரதம் முடிக்கிற பாறணையன்று உன் பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டேன். விரதத்துக்கு முதல்நாள் வீடு, வளவு, சுருட்டுக் கொட்டில் எல்லாம் கழுவித் துப்புரவாக்கினோம். புகையிலைக்குப் போடுகிற கோடாத் தண்ணீர் மூன்று மாதமாகப் புளித்து இரண்டு பீப்பா நிறைய நின்றது. அந்த நாற்றத்துக்குள் முருகனுக்கு எப்படி விளக்கேற்றுவது? வழக்கமாக அதை ஏற்றிப்போய்த் தோட்டத்தில் கொட்டுகிற வண்டில்காரன் மழை என்று வரவில்லை. கோப்பாய்த் தோட்டமெல்லாம் வெள்ளத்துக்குள் நிற்கிறதாம். எப்படியோ பீப்பாக்களை வெறுமையாக்கிக் கவிழ்த்த பிறகுதான் தலைமுழுகினேன்.

இங்கே எங்கள் ஒழுங்கையில் ஒரு வில்லங்கம். எங்களுக்குக் கீழே நாலாவது வளவில் வலைக்குச் சாயம் காய்ச்சுகிற சிமியோன் இருக்கிறானல்லவா? அவன் படலைக்கு முன்னால் பட்டினசபையின் வெள்ளவாய்க்கால் அடைபட்டு, தண்ணீர் கறுத்துத் தேங்கி நாறியது. ஒழுங்கைக் கிணற்றுக்குள்ளும் ஊறிவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி. பத்தாந் திகதி இங்கத்தைய சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, சிமியோனின் படலையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்.

நீயும் அதே உத்தியோகம்தானே. இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? சும்மா அறிகிறதுக்குத்தான் கேட்கிறேன்.

குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு படு.

உன் அக்கா
குணலட்சுமி

---

குருநாகல்
18-11-1937

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி பஞ்சலிங்கத்தின் வணக்கம். நான் நல்ல சுகம். கொயினா விழுங்குகிறேன், சத்தியமாக. உங்கள் கைகால் உளைவு எப்படி? ஆறு நாள் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுக்கிறீர்கள் என்று சொன்னால் கோபம் வரும். ஆகையால் சொல்லவில்லை.

சட்டத்தைக் கேட்டிருந்தீர்கள். வெள்ளவாய்க்கால் மழைத்தண்ணீருக்கு மாத்திரம். சமையற் கழிவு, சாயம், எண்ணெய், தொழில் செய்த தண்ணீர், எதுவும் அதில் இறங்கக் கூடாது. இறக்கினவருக்கு ஐம்பது ரூபா வரை குற்றக்காசு போடலாம். கட்டாவிட்டால் மறியல், சிறைதான். ஊற்றிய பாத்திரத்தைப் பறிக்கவும் அதிகாரம் உண்டு. "தெரியாமல் செய்தேன்", "மழை கொண்டுபோய்விடும் என்று நினைத்தேன்" என்பதெல்லாம் நான் தினமும் கேட்கிற பாட்டு. போன மாதம் மாத்திரம் பதினொரு பேரை வழக்கு வைத்துக் கோட்டில் ஏற்றினேன். ஒருவரும் தப்பவில்லை.

வலைக்காரர் சங்கதி தெரிந்ததுதானே. தண்ணீர் கறுப்பு, அவன் காய்ச்சுகிற சாயமும் கறுப்பு. உங்கள் ஊர் இன்ஸ்பெக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். அவரை எனக்குத் தெரியும், ஒன்றாகப் படித்தவர். நீங்கள் இதற்குள் தலையைப் போடாதேயுங்கள்.

ஒரு நல்ல செய்தி. பெப்ரவரியில் தலைமை இன்ஸ்பெக்டர் பதவிக்கு நேர்முகம் வைக்கிறார்கள். என் பெயர்தான் முன்னுக்கு நிற்கிறதாம். அத்தார் செத்த வீட்டில் கண்ணீர் காய முதல் கொட்டிலைத் திறந்து, சுருட்டு விற்று என்னைப் படிப்பித்தீர்கள். அது வீண்போகாது, அக்கா.

தங்கள் அன்புத் தம்பி
பஞ்சலிங்கம்

---

சங்குமுனை
27-11-1937

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாயிருக்கிறாய் என்று வாசித்து வயிறு குளிர்ந்தது. பதவிச் செய்திக்கு முருகனுக்கு அருச்சனை செய்வித்தேன். என் கைகால் உளைவு அப்படியேதான் இருக்கிறது.

நேற்று சிமியோனின் பெண்சாதி ஸ்ரெல்லா எங்கள் படலையடிக்கு வந்தாள்.

"அக்கா, பனிச்சங்காய் இடிச்சு ஊறவைச்ச சாயத்தை ஆரும் வெளியிலை ஊத்துவினமே? ஒரு கிடாரம் போட்டால் ரெண்டு மாசத்துக்கு அதுக்கையே வலை தோய்க்கிறம். குறையக் குறையக் காய் போட்டு நிரப்புறம். அது எங்கடை சோறெல்லே!" என்றாள்.

"ஓம் ஸ்ரெல்லா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"உங்கடை தம்பியும் உந்த உத்தியோகம்தானே. ஒரு காயிதம் எழுதிவிடுங்கோவன். அவர் சொன்னால் இஞ்சத்தைய இன்ஸ்பெக்டர் கேப்பார். நாங்கள் கேக்கக்கூடிய ஆள் நீங்கள் ஒராள்தான் அக்கா."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு கஞ்சி அடுப்பில் தீய்ந்து மணக்கிற மட்டும் படலையிலேயே நின்றிருக்கிறேன்.

தம்பி, இன்னொரு சங்கதி. அடுத்த ஒழுங்கையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், பெயர் வேண்டாம், உன்னிடம் கேட்கச் சொன்னாள். சிமியோன் இல்லாமல் வேறொருவர், ஒரு நல்ல காரியத்துக்காக வீடு துப்புரவாக்குகிறபோது, ஏதோ தண்ணீரை வாய்க்காலில் விட்டிருந்தால், இப்போது போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? அவருக்கும் மறியலா? அவருடைய ஆட்கள் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தால் அவர்களுக்கும் பழுது வருமா? கெதியாக எழுது. வழக்கு டிசெம்பர் இருபதாந் திகதியாம்.

உன் அக்கா
குணலட்சுமி

---

குருநாகல்
4-12-1937

அக்காவுக்கு வணக்கம்.

சுகம். இங்கே மழை விட்டுவிட்டது. நுளம்பு விடவில்லை.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள். நோட்டீஸ் ஒட்டி ஒரு மாதத்துக்குள், ஊற்றினவர் தானாக வந்து ஒப்புக்கொண்டு, வாய்க்காலைத் தன் செலவில் கழுவிக் கொடுத்தால், எச்சரித்து விடுகிற வழக்கம் உண்டு. கோட்டும் இல்லை, மறியலும் இல்லை. பத்தாந் திகதி ஒட்டின நோட்டீஸ் என்றால் வருகிற பத்தாந் திகதி மட்டும் தவணை. இந்தக் கடிதம் நாளை மறுநாள் உங்கள் கைக்கு வந்துவிடும். அவள் அன்றைக்கே போகலாம்.

உத்தியோகக்காரருக்குப் பழுது வருமா என்று கேட்கிற அந்தப் பெண் கெட்டிக்காரிதான். சட்டப்படி வராது. ஆனால் ஊர்வாய் சட்டம் படித்ததல்லவே.

ஒன்று கேட்கிறேன். தேங்கி நின்ற தண்ணீர் என்ன மணம் மணத்தது? யோசித்துப் பார்த்தால் பனிச்சங்காய்ச் சாயம் துவர்க்குமே தவிர நாறாது. நிறத்தைப் பார்த்தவர் மணந்தும் பார்த்திருக்க வேண்டும். எனக்கு எழுதுங்கள்.

தம்பி
பஞ்சலிங்கம்

---

சங்குமுனை
14-12-1937

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் ஆறாந் திகதி கிடைத்தது. பதில் எழுதச் சுணங்கிவிட்டது, குறை நினையாதே. நெல்லியடி வாத்தியார் குருநாகலுக்கு வருகிறார். அவர் கையில் முறுக்கும் பனங்கட்டியும் நல்லெண்ணெய் ஒரு போத்தலும் கொடுத்துவிட்டிருக்கிறேன். எண்ணெயைச் சனிக்கிழமைகளில் தலைக்கு வை.

மணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்த நாட்களில் எனக்குக் கடுந் தடிமன். மூக்கு அடைத்துக் கிடந்தது.

நீ எழுதியதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். யோசித்துச் செய்கிறேன் என்றாள். பத்தாந் திகதியும் போய்விட்டது.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

---

சங்குமுனை
23-12-1937

அன்புத் தம்பிக்கு,

உன் பதிலைக் காணாமலே எழுதுகிறேன். சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

வழக்கு முடிந்தது. நான் போகவில்லை. கொட்டிலில் கோடா போடுகிற முத்துக்குமாருதான் போய்வந்து சொன்னான். நாற்பது ரூபா, இல்லாவிட்டால் ஒரு மாதம் மறியல் என்று தீர்ப்பு. "செய்யாத குற்றத்துக்கு ஒரு சதமும் கட்டமாட்டன், ஐயா" என்று சிமியோன் சொன்னானாம். அப்படியே கொண்டுபோய்விட்டார்கள். கிடாரத்தையும் சபை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

முத்துக்குமாரு சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். "போய் வேலையைப் பார்" என்று கத்தினேன். அவன் என்ன பாவம் செய்தான்?

பிறகு நாற்பது ரூபாவையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஸ்ரெல்லாவிடம் போனேன். கையில் வாங்கவில்லை.

"அவர் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர் அக்கா. காசு கட்டினால் செய்தது நாங்கள் எண்டெல்லே ஆகிப்போடும்" என்றாள்.

சாயம் ஏறாத வலைகள் முற்றத்தில் கிடந்து இற்றுப்போகின்றன. நாளை மறுநாள் அவர்களுக்கு யேசு பிறந்த நத்தார். அடுப்பு மூட்டின அடையாளம் இல்லை. பிள்ளைக்கு என்று பலகாரம் கொண்டுபோனேன். அதை வாங்கினாள். வாங்காமல் விட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்கு மனம் கேட்குதில்லை, தம்பி. கெதியாக எழுது.

அக்கா

---

குருநாகல்
25-1-1938

அக்காவுக்கு,

ஒரு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். சுகயீனம் இல்லை. பொங்கலுக்கும் வரவில்லை. வேலை அதிகம் என்று தந்தியில் சொன்னேன். அது பொய்.

நத்தாருக்கு முதல்நாள் உங்கள் கடிதம் வந்தது. வாசித்துவிட்டு, எல்லாக் கடிதங்களையும் எடுத்து அடுக்கி முதலிலிருந்து வாசித்தேன். நவம்பர்க் கடிதத்தில் பீப்பாக்களை வெறுமையாக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். வண்டில் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே ஊற்றினீர்கள் என்று எழுதவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் எனக்குத் தெரிந்ததாகிவிடும். தெரிந்தால் நான் அறிவிக்கக் கடமைப்பட்டவன். நேர்முகம் பெப்ரவரி பத்தாந் திகதி. சிமியோன் எப்படியும் பத்தொன்பதாந் திகதி வெளியே வந்திருப்பான். நடந்தது நடந்துபோய்விட்டது.

முறைப்படி அந்த இன்ஸ்பெக்டர் வாய்க்கால் ஓரமாக மேலே நடந்து, வீடு வீடாகப் பார்த்து வந்திருக்க வேண்டும். தண்ணீர் நின்ற படலையோடு நின்றுவிட்டார். அவரை நான் பழி சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். போன ஒக்டோபரில் கோட்டில் ஏற்றிய பதினொரு பேரை நினைத்துப் பார்க்கிறேன். எத்தனை பேருக்கு வாய்க்காலில் மேலே இன்னொரு வீடு இருந்தது என்று எனக்குத் தெரியாது. நித்திரை இல்லை.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள்.

பஞ்சலிங்கம்

---

சங்குமுனை
29-1-1938

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். உன் கடிதத்தை அடுப்பில் போடவும் இல்லை.

நான்தான் ஊற்றினேன். சஷ்டிக்கு முதல்நாள், மத்தியானம். "அம்மா, ரெண்டு நாள் பொறுங்கோ, வண்டில் வரட்டும்" என்று முத்துக்குமாரு சொன்னான். "விரதவீட்டுக்கை உந்த நாத்தத்தை வைச்சிருக்கச் சொல்லுறியோ?" என்று அவன்மேல் பாய்ந்தேன். இரண்டு பீப்பாவையும் உருட்டிவந்து எங்கள் படலையடி வாய்க்காலில் கவிழ்த்தோம். மழை அடித்துக் கொட்டியது. கடலுக்குப் போய்விடும் என்று நினைத்தேன். அது மட்டும் என்றால், தெரியாமல் செய்த பிழை என்று என்னையே ஏமாற்றியிருப்பேன்.

அடுத்தநாள் விடிய விளக்கேற்ற எழும்பினேன். மழை நின்றிருந்தது. தண்ணீர் போகவில்லை. எங்கள் படலைக்கு முன்னாலேயே கறுத்து, குப்பென்று நாறிக்கொண்டு நின்றது. கோயிலுக்குப் போகிற சனம் பார்த்தால் என்ன சொல்லும் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன், வேறொன்றையும் நினைக்கவில்லை. விளக்குமாற்றை எடுத்து நானே அந்தத் தண்ணீரைக் கீழே தள்ளினேன். அடுத்த வளவு தாண்ட, அதற்கடுத்தது தாண்ட, ஈரச்சேலையோடு தள்ளிக்கொண்டே போனேன். சிமியோனின் படலையடியில் வாய்க்கால் அடைத்திருந்தது. அங்கே விட்டுவிட்டு வந்து குளித்து முருகனுக்குப் பூ வைத்தேன்.

எனக்குத் தடிமனும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. அடுத்த ஒழுங்கையில் ஒரு பெண்ணும் இல்லை. நீ தந்த தவணையில் நாலு நாள் என் கையில் இருந்தது. நாலு நாளும் சேலை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். ஒவ்வொரு நாளும் உன் நேர்முகத்தை நினைத்துத் திரும்பி வந்தேன். உனக்காக என்று சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான். சுருட்டுக்கார விதவை ஊர்க்கிணற்றை நாறவைத்தாள் என்று சொல்லுவார்களே!

சிமியோன் வந்துவிட்டான். மெலிந்துபோனான். ஒழுங்கையில் ஒருவரும் அவனோடு கதைப்பதில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளப் போனால் ஸ்ரெல்லாவை விலத்துகிறார்கள். மயிலிட்டியில் அவள் தமையனிடம் போகப் போகிறார்களாம்.

நான் சபைக் கந்தோருக்குப் போய்ச் சொல்லப்போகிறேன். நீ ஓம் என்று ஒரு வரி எழுது. உன்னைக் கேட்காமல் போக எனக்குத் துணிவில்லை.

அக்கா

---

தபால் அட்டை
குருநாகல், 1-2-1938

பத்தாந் திகதி மட்டும் பொறுங்கள், அக்கா. பிறகு உங்கள் விருப்பம். உடம்பைப் பாருங்கள்.

ப.

---

சங்குமுனை
20-2-1938

தம்பி பஞ்சலிங்கத்துக்கு,

உனக்குப் பதவி கிடைத்த தந்தி வந்தது. சுகமாக இரு.

நீ சொன்னபடி பத்தாந் திகதி மட்டும் பொறுத்தேன். எட்டாந் திகதி சிமியோன் குடும்பம் ஒரு மாட்டுவண்டிலில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நான் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினோராந் திகதி சபைக் கந்தோருக்குப் போனேன். உன் சிநேகிதர் எழும்பி வந்தார்.

"பஞ்சலிங்கத்தின்ரை அக்காவே? இருங்கோ, இருங்கோ" என்று கதிரை போட்டார். தேத்தண்ணி வருவித்தார். ஊற்றினது நான் என்று சொன்னேன். பீப்பாவைச் சொன்னேன், விளக்குமாற்றைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த வழக்கு முடிஞ்சுது அம்மா. கோவையும் கட்டி வைச்சாச்சு. இனிமேல் கவனமாயிருங்கோ" என்றார்.

"எழுதுங்கோ, நான்தான் எண்டு எழுதுங்கோ" என்று கத்தினேன்.

"தம்பி இப்பதான் பெரிய இடத்துக்குப் போறார். ஏன் அம்மா வீண் சோலி?" என்று படலை மட்டும் கூட வந்து வழியனுப்பினார். சட்டம் எனக்குக் கொடுத்த தண்டனை ஒரு கோப்பை தேத்தண்ணி.

நேற்று பஸ் ஏறி மயிலிட்டிக்குப் போனேன். சிமியோன் கரையில் இருந்து ஆருடையதோ கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. கை மட்டும் கொஞ்சநேரம் நின்றது. பிறகு ஊசி திரும்ப ஓடத் தொடங்கியது. ஸ்ரெல்லாதான் என்னைக் கையில் பிடித்துக் கொட்டிலுக்குள் கூட்டிப்போனாள்.

"அது எங்களுக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. கோடா மணம் ஆருக்குத் தெரியாது? இவர் உங்கடை கொட்டில் சுருட்டுத்தானே பத்துறவர்."

"அப்ப ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்றேன்.

"நான் சொல்ல வெளிக்கிட்டனான். இவர்தான் விடேல்லை. 'அது விரதம் பிடிக்கிற மனிசி, தானாச் சொல்லும், பொறு' எண்டவர். அதுக்குத்தான் உங்களிட்டைக் காயிதம் எழுதச் சொல்லி வந்தனான். அதை விட வேறை எப்பிடி அக்கா கேக்கிறது? கோட்டிலையும் இவர் நீதவானைப் பாக்கேல்லை. வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டவர். தீர்ப்புச் சொன்னாப் பிறகும் ஒருக்கால் திரும்பிப் பாத்தவர், நீங்கள் வந்திட்டியளோ எண்டு."

தம்பி, அந்த மனிதர் என்னை அவ்வளவு நம்பியிருக்கிறார். நீ கூட என்னை அப்படி நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

மயிலிட்டியிலும் செய்தி போய்விட்டது. பிள்ளையை "மறியல்காரன்ரை மோள்" என்று கூப்பிடுகிறார்களாம். நான் வாயால் போய்ச் சொன்னால் பைத்தியம் என்கிறார்கள், அல்லது உன் பெயரைக் கேட்டுக் கதிரை போடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு கடதாசி. தண்ணீரை ஊற்றினது குணலட்சுமி, சிமியோன் அல்ல என்று, தலைமை இன்ஸ்பெக்டர் ஒருவர் கந்தோர்க் கடதாசியில், முத்திரை குத்தி, தன் கையொப்பத்தோடு எழுத வேண்டும். அது உன் பதவியைக் கொண்டுபோனாலும் போகும். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். விலாசம் இது:

ம. சிமியோன் அவர்கள்
மேற்குக் கரை
மயிலிட்டி